தட்கலா, சாதாரணமா, டிக்கெட்டைத் தள்ளுவதா? கடைசி நேரப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு செட்டிநாட்டுக் கணக்கு

பினாங்கில் தைப்பூசம், கோலாலம்பூரில் அண்ணன் மகள் கல்யாணம், சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம். நம் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது. சுற்றுலா என்றால் ஆறு மாதம் யோசிப்பார்கள். விசேஷம் என்றால் டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, அப்புறம்தான் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடுவார்கள். ஒருவருக்குப் பாஸ்போர்ட்டே இருக்காது. இன்னொருவருடையது காலாவதியாகியிருக்கும். மூன்றாமவருக்கு நாலு மாதம் மிச்சம் இருக்கும், அவர் நிம்மதியாக இருப்பார்.

அந்த மூன்றாமவர்தான் விமான நிலையம் வரை போய்த் திரும்பி வருகிறவர். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எல்லாமே பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி கேட்கின்றன. அதைப் பார்க்காமல் விமான நிறுவனம் போர்டிங் பாஸ் தராது. குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 வருடம், சிறு பிள்ளைகளுக்கு 5 வருடம்தான். எல்லாருக்கும் ஒன்றாகத்தானே எடுத்தோம் என்ற நினைப்பில், பிள்ளைகளுடையது முடிந்துபோனதை யாரும் கவனிப்பதில்லை.

இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் வரும் பதில், “தட்கல் போட்டுவிடுங்கள்” என்பதுதான், அதாவது கூடுதல் கட்டணம் கட்டி அவசரமாகப் பாஸ்போர்ட் எடுக்கும் முறை. தப்பான யோசனை இல்லை. ஆனால் அது இரண்டாவது கேள்விக்கான பதில். முதல் கேள்வி, உங்கள் கையில் இருக்கும் கார்டுகளில் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. பாஸ்போர்ட் அலுவலகம் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறது. நாட்களைத் தின்பது நம் காகிதங்களும், பூட்டிக் கிடக்கும் ஊர் வீடுகளும்தான். அதனால் கட்டணத்தை வைத்து மட்டும் வழிகளை ஒப்பிட்டால் முடிவு தவறிப்போகும்.

இருந்தாலும் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் சாதாரண முறையில் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். தட்கல் என்றால் அதற்கு மேல் 2,000 ரூபாய் கூடுதல். சிறுவர்களுக்கு 1,000 ரூபாய், தட்கலுக்கு அதே 2,000 சேரும். 60 வயதைத் தாண்டியவர்களும் 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் புதிதாக எடுக்கும்போது அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். ஆன்லைனில் விண்ணப்பித்து, நேரில் போகும் நாளுக்கு இடம் பிடிக்கும்போது சாதாரணக் கட்டணத்தைக் கட்டுகிறோம். தட்கல் பங்கை நேரில் போகும் பாஸ்போர்ட் மையத்தில் கட்டுகிறோம். ஒரு குடும்பம் பினாங்குக்குப் போட்டிருக்கும் டிக்கெட் விலையோடு பார்த்தால் இந்த 2,000 ரூபாய் பெரிய விஷயமே இல்லை.

நாட்களை எண்ணும் முறை

தட்கலில் விண்ணப்பம் ஏற்கப்பட்டால், போலீஸ் விசாரணைக்குக் காத்திருக்காமல், கொடுத்த நாளை விட்டுவிட்டு மூன்றாவது வேலை நாளில் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. விசாரணையே தேவைப்படாத புதுப்பித்தலாக இருந்தால் அடுத்த வேலை நாளிலேயே கிளம்பும். இதைக் கேட்டுவிட்டு “மூன்றே நாளில் வந்துவிடும்” என்று சொல்லித் திரிகிறார்கள். வியாழக்கிழமை போய்க் கொடுத்தால் வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. செவ்வாய் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டால் புதனோ வியாழனோ கைக்கு வரும். ஆக, மூன்று நாள் என்பது ஒரு வாரம். தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்களுக்கு நடுவில் பொங்கல் விடுமுறையும் வந்து விழும்.

இது கொடுத்த பிறகு ஆகும் நாள். கொடுப்பதற்கு முன்னால் இடம் கிடைக்க வேண்டும். தட்கலுக்கும் முன்பதிவு உண்டு. கோடை விடுமுறைக்கு முன்னால் தட்கல் இடமும் பல நாள் தள்ளிப்போகும். அடுத்து விசா. இந்தியர்கள் மலேசியாவுக்குச் சுற்றுலாவாகப் போக 2026 டிசம்பர் 31 வரை விசா வேண்டாம், பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பினால் போதும். இலங்கைக்கு ஆன்லைனிலேயே பயண அனுமதி வாங்கலாம். சிங்கப்பூர் அப்படி இல்லை. விசா வேண்டும், விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் எண் வேண்டும், பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் அந்த வேலையே தொடங்கும். அதற்குத் தனியாக ஒரு வாரமாவது ஒதுக்கி வையுங்கள். ஒரே தட்கல் பாஸ்போர்ட் கோலாலம்பூர் கல்யாணத்துக்குச் சரியாக வந்து சேரும், அதே தேதியில் சிங்கப்பூர் பிரசவத்துக்கு எட்டாது.

என் கணக்கு இதுதான். பயணத்துக்கு ஐந்து, ஆறு வாரம் இருந்து, காகிதமும் சரியாக இருந்தால் சாதாரண முறை போதும். இப்போது போலீஸ் விசாரணை மொபைல் செயலி வழியாக நடப்பதால் முன்பு போல மாதக்கணக்கில் இழுப்பதில்லை. பழைய பாஸ்போர்ட்டை எந்த மாற்றமும் இல்லாமல் புதுப்பிக்கிறவர்களுக்கு நாலு வாரமே தாராளம். இரண்டிலிருந்து நாலு வாரம் என்றால் யோசிக்காமல் தட்கல். ஒரு வாரம்தான் இருக்கிறது, இடமும் இன்னும் பிடிக்கவில்லை என்றால் தட்கலை நம்பி உட்காராதீர்கள். விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுத் தேதி மாற்றுவதைப் பேசத் தொடங்குங்கள்.

பெயரில்தான் இருக்கிறது பாதிச் சிக்கல்

தட்கலுக்கு ஆதார், வாக்காளர் அட்டை, பான், ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கிப் பாஸ்புக், பிறப்புச் சான்றிதழ் என்று போகும் ஒரு பட்டியலிலிருந்து மூன்று ஆவணம் காட்ட வேண்டும். முன்பு உயர் அதிகாரி ஒருவரிடம் சான்று வாங்கிவரச் சொல்வார்கள், அது 2018-லேயே போய்விட்டது. மூன்று கார்டு இல்லாத வீடு எது? ஆனால் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கும் வீட்டைத்தான் தேட வேண்டும்.

பழ. லெ. சிதம்பரம் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து ஐயா (தாத்தா) பழனியப்பனுடையது, அடுத்தது அப்பச்சி (அப்பா) லெட்சுமணனுடையது. ஆதாரில் “சிதம்பரம் எல்”. பானில் மூன்று பெயரும் விரிந்து “பழனியப்பன் லெட்சுமணன் சிதம்பரம்”. பாஸ்புக்கில் “பி.எல். சிதம்பரம்”. கடைப் பலகையில் நாலு தலைமுறை விலாசமும் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளும்) சேர்ந்து இன்னும் நீளமாக இருக்கும், நல்லவேளையாக அதை யாரும் கேட்பதில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, விரித்துத்தான் எழுத வேண்டும். எதை விரிப்பது, ஐயா பெயரையும் சேர்ப்பதா, அப்பச்சி பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதைப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யக் கூடாது. எந்த மூன்று ஆவணம் காட்டப் போகிறோமோ அவற்றை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் வேறு மாதிரி. வள்ளியம்மை என்பது ஆதார் பெயர். வங்கியில் கணக்குத் திறந்த காலத்தில் மேலாளர் மரியாதையாக “வள்ளியம்மை ஆச்சி” என்று எழுதியிருப்பார், அதுவே பாஸ்புக்கில் பெயராக நின்றுவிட்டது. வாக்காளர் அட்டையில் எழுத்துப் பிழையோடு “வள்ளிமை”. ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். இந்த நாலையும் எடுத்துக்கொண்டு தட்கலுக்குப் போனால் மையத்திலிருந்து வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

அப்படியானால் எதைத் திருத்துவது? ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறை. அதை அவசரத்தில் வீணாக்க வேண்டாம். எளிதில் கைக்கு வருவது பாஸ்புக்தான். கிளைக்குப் போய், ஆதாரைக் கொடுத்து, பெயரைச் சரிசெய்து, புகைப்படம் ஒட்டி, மேலாளர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பொதுத்துறை வங்கி, ஷெட்யூல்டு தனியார் வங்கி, கிராம வங்கி ஆகியவற்றின் பாஸ்புக்தான் பட்டியலில் வரும். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள்.

வயதானவர்களுக்குப் பிறந்த தேதிச் சான்று என்ன கொடுப்பது என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, எல்.ஐ.சி. பாலிசிப் பத்திரம் இவற்றில் ஒன்றைக் காட்டலாம். பழைய வாக்காளர் அட்டையில் தேதி இல்லாமல் வயது மட்டும் இருக்கும், அது உதவாது. ஆயாவுக்கு (பாட்டிக்கு) பான் கார்டு எடுத்திருந்தால் அதுவே போதும்.

பெயரைப் பெரிதாக மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குத் தட்கல் கிடையாது. பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) வீடுகளிலும் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பெற்ற அப்பா பெயர் பள்ளிச் சான்றிதழில், கூட்டிக்கொண்ட அப்பா பெயர் ஆதாரில் என்று இருந்தால், தத்துப் பத்திரத்தோடு சாதாரண முறையில் பொறுமையாகப் போவதுதான் சரி. அவசரத்தில் எதையாவது ஒன்றை எழுதி நுழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 12-ன்படி பொய்த் தகவல் கொடுப்பதும் உண்மையை மறைப்பதும் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவசரத்தில் புதுப்பிக்கும்போது கூடவே “அந்த ஸ்பெல்லிங்கையும் திருத்திவிடலாம்” என்று தோன்றும். விட்டுவிடுங்கள். மாற்றம் இல்லாத புதுப்பித்தல்தான் எல்லாவற்றிலும் வேகமானது. ஊருக்குத் திரும்பிய பிறகு ஆற அமரத் திருத்திக்கொள்ளலாம்.

மதுரையா, திருச்சியா, சென்னையா

செட்டிநாடு ஒரே நாடாகப் பேசப்பட்டாலும் பாஸ்போர்ட் கணக்கில் அது இரண்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம், மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கீழே வரும். ராயவரம், அரிமளம், பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை மாவட்டம், திருச்சி மண்டலம். முன்பு இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. 2018-லிருந்து நாட்டின் எந்த மண்டலத்திலும் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் நீங்கள் எழுதிய முகவரிக்கு வரும், விசாரணையும் அந்த முகவரியிலேயே நடக்கும். காரைக்குடிக்காரர் திருச்சியில் கொடுக்கலாம், ராயவரத்துக்காரர் மதுரையில் கொடுக்கலாம்.

காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். அதனால் தூரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எங்கே முதலில் இடம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மதுரை மண்டலத்தில் திருநெல்வேலியிலும், திருச்சி மண்டலத்தில் தஞ்சாவூரிலும் சேவா கேந்திரா என்னும் பெரிய பாஸ்போர்ட் மையம் உண்டு. அஞ்சலகங்களில் இயங்கும் சிறிய மையங்களும் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கம், சாதாரண விண்ணப்பத்துக்கு வசதியானவை. அவசரம் என்றால் பெரிய கேந்திராக்களை முதலில் பார்ப்பேன்.

இங்கே வரிசை முக்கியம். படிவத்தை நிரப்பும்போது முதலிலேயே மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த மண்டலத்தின் மையங்களில்தான் இடம் பிடிக்க முடியும். மதுரை என்று போட்டுப் பணமும் கட்டிவிட்டு, திருச்சியில் நாளைக்கே இடம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அதனால் படிவத்தைத் தொடும் முன், இணையதளத்தில் எந்த மையத்தில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே நுழையாமலே பார்க்கலாம், சாதாரணத்துக்கும் தட்கலுக்கும் தனித்தனித் தேதி காட்டும்.

சென்னை மூன்றாவது வழி. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று மூன்று கேந்திராக்கள் இருப்பதால் இடம் அதிகம், கூட்டமும் அதிகம். பிள்ளைகள் அங்கே இருக்கிற வீடுகளுக்கு இது தோதுப்படும். போவதாக இருந்தால் இரவு ரயிலில் போங்கள். விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் நண்பகல் வாக்கில்தான் போய்ச் சேரும், காலை நேர இடம் கைவிட்டுப் போகும்.

மையத்துக்குள் நடப்பதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். முதலில் காகிதம் பார்த்து, போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். இரண்டாவதில் அதிகாரி சரிபார்ப்பார். மூன்றாவதில் முடிவு. பெரியவர்களுக்குப் போட்டோ கொண்டுபோக வேண்டாம், 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்துப் போங்கள். அசல் ஆவணங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் மறக்க வேண்டாம். வேலைக்கு வளைகுடாவோ மலேசியாவோ போகிறவருக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கப் பெரும்பாலும் அந்தச் சான்றிதழ்தான் வழி. தட்கல் அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சுற்றுலாவாகப் போகிறவருக்கு இது பெரிய தடை ஆகாது, 50 வயதைத் தாண்டியவருக்குக் கவலையே இல்லை.

எந்த முகவரி: ஊர் வீடா, இருக்கிற வீடா

நம் பக்கத்து ஆட்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. குடியிருப்பது சென்னையில் வாடகை வீடு. ஆதாரில் இருப்பது ஊர் வீட்டு முகவரி, ஏனென்றால் அது மாறாது. ஊர் வீட்டிலோ பங்காளிகள் எல்லாரும் வெளியூரில், ஒரு காவலாளி மட்டும்.

ஊர் முகவரியைப் போட்டால் ஆவணம் எல்லாம் ஒத்துப்போகும், மையத்தில் ஒரு கேள்வி வராது. சிக்கல் பிறகு வரும். தட்கலில் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு போலீஸ் விசாரணை நடக்கும். காவலர் வந்து பார்க்கும்போது கதவு பூட்டியிருந்து, பக்கத்து வீட்டில் “அவுக மெட்ராஸ்ல இருக்காக, கல்யாணம் காட்சின்னா வருவாக” என்று சொன்னால், அவர் எழுதும் அறிக்கை உங்களுக்குச் சாதகமாக இருக்காது. பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் வரும். விளக்கம் கேட்பார்கள், சில நேரம் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே. உண்மையாகவே குடியிருக்கும் முகவரியைத்தான் எழுத வேண்டும் என்பது சட்டம், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சென்னை முகவரிக்குச் சான்று இல்லையென்றால் ஆதாரில் முகவரியை ஆன்லைனிலேயே மாற்றலாம், பெயர் மாற்றம் போல அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. அதற்கு ஆகும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இதனால் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றால் தள்ளிப்போகட்டும்.

உண்மையாகவே ஊரில் இருக்கிறவர்களுக்கு ஊர் முகவரிதான், சந்தேகமே வேண்டாம். அவர்களுக்கு வரும் தொல்லை வேறு. பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வரும், உரியவரிடம்தான் கொடுப்பார்கள். நம் வீடுகளோ முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள். தபால்காரர் முகப்பில் நின்று கூப்பிடுவார். ஆச்சி இரண்டாங்கட்டைத் தாண்டி அடுப்படியில் குக்கர் விசிலோடு இருப்பார், காதில் விழாது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் கவர் மண்டல அலுவலகத்துக்கே திரும்பிவிடும், அப்புறம் அங்கே நேரில் போய் அலைய வேண்டும். விண்ணப்பத்தில் கொடுத்த மொபைலுக்கு அனுப்பிய செய்தியும் ஸ்பீட் போஸ்ட் எண்ணும் வந்தவுடனே, அந்தத் தபால்காரரிடமே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள். இரண்டு நாள் யாராவது முகப்பில் உட்கார்ந்திருக்கட்டும்.

இன்னொன்று, பேரனுக்கு ஐயா பெயர் வைக்கிற வழக்கம். ஒரே முகவரியில் இரண்டு சிதம்பரம். தபாலுக்கும் குழப்பம், விசாரணைக்கு வரும் காவலருக்கும் குழப்பம். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பித்தால் ஆளுக்கொரு மொபைல் எண் கொடுத்துவிடுங்கள்.

நாமே போடுவதா, ஆளை வைத்தா

இதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. டைப் செய்யத் தெரியாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளலாம், கூலி கொடுக்கலாம், தப்பில்லை. “உள்ளே ஆள் இருக்கிறது, சீக்கிரம் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லி ஐந்தாயிரம், பத்தாயிரம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண். மையத்துக்குள் அவர்கள் உங்களோடு வர முடியாது, கைரேகை உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் செய்வதெல்லாம் இடம் திறக்கும் நேரத்தில் கணினி முன்னால் காத்திருப்பதுதான், அதை வீட்டுப் பேத்தி செய்துவிடுவாள்.

யார் நிரப்பினாலும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், இடத்தை மாற்றவும், நிலை என்ன என்று பார்க்கவும், அடுத்த முறை புதுப்பிக்கவும் அவர் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். இணையதளம் ஒன்றே ஒன்றுதான்: பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். அதே போலத் தோற்றமளிக்கும் போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் கட்டிய பணம் போனது போனதுதான். செல்போனில் என்றால் எம்பாஸ்போர்ட் சேவா செயலி.

டிக்கெட்டைத் தள்ளுவது

கௌரவக் குறைச்சலாக நினைத்து இந்த வழியை யாரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் தினமும் விமானம் இருக்கிறது. குழுவாகப் போடும்போது ஒரே பதிவில் எட்டுப் பேர் இருப்பார்கள், பாஸ்போர்ட் சிக்கல் ஒருவருக்குத்தான் இருக்கும். அந்த ஒருவரைத் தனிப் பதிவாகப் பிரிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பிரித்துவிட்டால் அவருக்கு மட்டும் தேதியை மாற்றிக்கொள்ளலாம். மற்ற ஏழு பேர் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரட்டும்.

பின்னால் தனியாக வருபவர் வயதானவர் என்றால் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவிலேயே கேட்டுவிடலாம். இங்கே செக்-இன் கவுன்டரிலிருந்து அங்கே வெளிவாசல் வரை ஆள் கூடவே வருவார். குடிநுழைவு வரிசையில் நின்று இங்கிலீஷில் பதில் சொல்லும் சங்கடம் ஆயாவுக்கு இருக்காது. சொல்லப்போனால், எட்டுப் பேர் கூட்டத்தில் இழுபட்டுப் போவதைவிட இது அவருக்குச் சுகம்.

தேதி மாற்றும்போதே டிக்கெட்டில் இருக்கும் பெயரையும் பாருங்கள். பாஸ்போர்ட் வரும் முன்னே போட்ட டிக்கெட்டில் “வள்ளியம்மை எல்” என்று இருக்கும். புதுப் பாஸ்போர்ட்டில் “வள்ளியம்மை லெட்சுமணன்” என்று வந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சின்னத் திருத்தம் என்றால் பல நிறுவனங்கள் செய்து தரும். ஆனால் புறப்படும் நாளில் கவுன்டரில் நின்று கேட்டால் நடக்காது, பாஸ்போர்ட் வந்த அன்றே கேட்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட் என்றால் விமான நிறுவனம் உங்களை அவரிடமே அனுப்பும், அதற்கும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இன்னும் செல்லுபடியாக இருந்தால், அதைப் புதிதோடு சேர்த்துக் கையில் எடுத்துப் போகலாம், விசா செல்லும். புதுப்பிக்கக் கொடுக்கும்போது, ரத்து செய்யும் முத்திரையும் வெட்டும் அந்த விசாப் பக்கத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி கவுன்டரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.